செய்தி

'செய்' என்னும் வினையடியோடு 'தி' விகுதி சேர்ந்தது 'செய்தி'. 'உய்'யிலிருந்து 'உய்தி' வந்ததுபோல. பழந்தமிழில் இதற்குச் செயல் என்றே பொருள். புறநானூற்றில் ஒருவர் செய்த உதவியைக்கூடக் குறிக்கிறது. செயலைக் குறித்த சொல், பிறகு அதைப் பற்றிய தகவலுக்கும் ஆனது. 'என்ன சேதி?' என்று நாம் கேட்பதும் இதன் பேச்சு வடிவம்தான்.

'கிசுகிசு' வேறு பிறவி. காதோடு பேசும் ஒலியிலிருந்து பிறந்த இரட்டைச் சொல். ஊர்வாய்ப் பேச்சைச் சங்கப் புலவர்கள் அம்பல், அலர் என்றார்கள். மொட்டாக இருக்கும் முணுமுணுப்பு அம்பல். மலர்ந்து ஊரறிந்தால் அலர். செய்தி என்று அவர்கள் அதைச் சொல்லவில்லை.

சுங்கை பினாங் ஆற்றோரம் மழை வலுத்த ஒரு மாலை. குளிர்பதனப் பெட்டிக்கு அடியில் செங்கல் அடுக்கிக்கொண்டே, தண்ணீர் ஏறுமா என்றறியத் தொலைக்காட்சியைப் போட்டோம். செய்தி நேரத்தில் ஒரு நடிகரின் மணமுறிவு ஓடியது. 2017 நவம்பர் வெள்ளத்தில் பினாங்கில் 7 பேர் இறந்தார்கள். அந்த நினைவோடுதான் இங்கே ஒவ்வொரு மழையையும் பார்க்கிறோம். எனக்குக் கோபம் வந்தது, இன்னும் தணியவில்லை. நடிகர் கதையைக் கிசுகிசு என்றே பெயரிட்டு வேறு நேரத்தில் போடுங்கள். செய்தி நேரத்தில் ஆற்றின் நிலையைச் சொல்லுங்கள்.