ஒழுகும் சிறுநீரும் அழுத்தத்தின் கணக்கும்

நமது சிறுநீர்ப்பை ஒரு விந்தையான தொட்டி. அதில் சுமார் 400 மில்லிலிட்டர் சேர்ந்த பின்னும் உள்ளே அழுத்தம் 15 செ.மீ. நீர் உயரத்துக்குள்ளேயே இருக்கும். ஆனால் ஒருவர் பலமாக இருமினால் அந்தக் கணமே அது 100 செ.மீ.யையும் தாண்டலாம். அப்போதும் ஒரு துளி வெளிவராமல் காப்பவை இரண்டு சுருக்குத்தசைகள். பையின் கழுத்திலுள்ள உள் தசை நம்மைக் கேளாமல் இயங்குவது. சற்றுக் கீழேயுள்ள வெளித் தசை நம் விருப்பத்துக்கு உட்பட்டது. ஆண்களின் உடலில் இவ்விரண்டுக்கும் இடையே சிறுநீர் வெளியேறும் குழாயைச் சூழ்ந்திருப்பது புராஸ்டேட் சுரப்பி.

புற்றுநோய் காரணமாக இச்சுரப்பியை முழுவதும் அகற்றும்போது உள் தசையும் பெரும்பாலும் சேதமடைகிறது. இனி வெளித் தசையே முழுப் பாரத்தையும் தாங்க வேண்டும். அதற்கு அந்த வலிமையை அளிக்க மருத்துவர்கள் செய்த முயற்சிகளின் வரலாற்றைக் காண்போம்.

1904-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹியூ ஹாம்ப்டன் யங் என்ற மருத்துவர் புற்றுநோய் கண்ட புராஸ்டேட்டை முழுவதுமாக அகற்றிக் காட்டினார். ஆனால் அறுவைக்குப் பின் சிறுநீர் ஒழுகுவது உயிருக்குக் கொடுத்த விலை என்றே நெடுங்காலம் கருதப்பட்டது.

பரிகாரத்தின் முதல் படி எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. கலிபோர்னியாவில் பணியாற்றிய ஆர்னால்டு கெகல் ஒரு மகப்பேறு மருத்துவர். குழந்தை பெற்ற பின் சிறுநீர் ஒழுகும் பெண்களுக்கு அறுவைக்குப் பதில் தசைப் பயிற்சி தரலாம் என்று 1948-இல் எழுதினார். இடுப்பின் அடித்தளத் தசை கண்ணுக்குத் தெரியாதது. அதைச் சரியாகச் சுருக்குகிறோமா என்று எப்படி அறிவது? அதற்காக அவர் ஒரு கருவி அமைத்தார். காற்றடைத்த சிறு ரப்பர் அறையைப் பிறப்புறுப்பினுள் வைத்து, அதை ஒரு குழாயால் அழுத்தமானியோடு இணைத்தார். தசையைச் சுருக்கினால் முள் நகரும். தன் தசையின் வலிமையை நோயாளி கண்ணால் காண முடிந்தது. பிற்காலத்தில் இதே பயிற்சி ஆண்களுக்கும் பயன்பட்டது.

பயிற்சியால் மீளாதவர்களுக்குப் பொறியியல் துணை வந்தது. 1972-இல் மருத்துவர் பிராண்ட்லி ஸ்காட், நரம்பியலார் வில்லியம் பிராட்லி, பொறியாளர் ஜெரால்டு டிம் ஆகியோர் உருவாக்கிய செயற்கைச் சுருக்குத்தசை ஹூஸ்டன் நகரில் முதன்முதலாக உடலுக்குள் பொருத்தப்பட்டது. இன்றைய வடிவில் அதற்கு மூன்று பகுதிகள்: குழாயைச் சுற்றிய சிலிக்கோன் வளையம், நீர்மம் நிறைந்த பலூன், விதைப்பையில் மறைந்திருக்கும் சிறு பம்பு. பம்பை அழுத்தினால் வளையத்திலுள்ள நீர்மம் பலூனுக்குச் செல்லும், வழி திறக்கும். சில நிமிடங்களில் நீர்மம் தானே திரும்பி வளையத்தை இறுக்கும். பலூனின் அழுத்தம் பொதுவாக 61 முதல் 70 செ.மீ. நீர் உயரம். இன்னும் கூட்டினால் ஒழுகுதல் முற்றும் நிற்குமே என்று தோன்றலாம். ஆனால் அழுத்தம் மிகுந்தால் குழாயின் சுவருக்கு இரத்தம் செல்லாது; திசு அழிந்துவிடும். ஒழுகாமலும் அரிக்காமலும் இருக்க வேண்டிய இடைவெளி அவ்வளவு குறுகியது.

இதற்கிடையே கத்தியும் நுட்பமாயிற்று. முன்பெல்லாம் சுரப்பியின் முன்புறச் சிரைகளிலிருந்து பெருகும் இரத்தம் அறுவையிடத்தை மறைத்துவிடும். ஜான்ஸ் ஹாப்கின்ஸைச் சேர்ந்த பாட்ரிக் வால்ஷ் அச்சிரைகளை அடக்கும் வழியை 1979-இல் வெளியிட்டார். சுரப்பியின் நுனியை ஒட்டிய வெளித் தசையைக் கண்ணால் பார்த்துக் காக்க முடிந்தது.

பயிற்சி உண்மையில் எவ்வளவு பயன் தருகிறது? 2000-இல் பெல்ஜியத்தின் லூவென் நகரில் 102 பேரிடம் நடந்த ஆய்வில், பயிற்சி பெற்றோரில் 88 விழுக்காட்டினர் மூன்று மாதங்களில் கட்டுப்பாட்டைப் பெற்றனர். பெறாதோரில் 56 விழுக்காட்டினரே. ஓராண்டில் அந்த இடைவெளி சுருங்கியது. 2011-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வோ வேறு முடிவைத் தந்தது. வல்லுநர் தனித்தனியே பயிற்றுவித்தவர்களுக்கும் வழக்கமான கவனிப்பு பெற்றவர்களுக்கும் ஓராண்டின் இறுதியில் வேறுபாடு இல்லை. இரு சாராரிலும் ஏறத்தாழ முக்கால் பங்கினர் ஓரளவேனும் ஒழுகுவதாகக் கூறினர்.

இம்முடிவுகளை ஒப்பிடும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். எப்போதோ கசியும் சில துளிகளையும் கணக்கில் சேர்த்தால் எண்ணிக்கை உயரும். உடை நனைவதை மட்டும் எண்ணினால் குறையும். பலருக்கு நிலைமை மாதங்கள் செல்லச் செல்லத் தேறுகிறது என்பது உண்மை. தேறாதவர்க்கும் வழி உண்டு என்பதும் உண்மை. ஆனால் வெட்கத்தால் வாய் திறவாமல், தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டு, வீட்டுக்குள் முடங்குபவரின் துன்பம் எந்தக் கணக்கிலும் ஏறாது. கெகலின் முள் தசையை நோயாளிக்குக் காட்டியது போல, நோயாளியின் சொல்தான் மருத்துவருக்குக் குறையைக் காட்ட வேண்டும்.