உறுதியும் வழக்கமும்

சி மொழியின் முழு எண் வகையான ‘இன்ட்’ எவ்வளவு பெரிசு எண்டு கேட்டால், நாங்கள் யோசிக்காமலே 32 பிட் எண்டு சொல்லுவம். ஆனால் 1970களில் பெல் ஆய்வுகூடத்தில் டெனிஸ் ரிச்சி இந்த மொழியை வளர்த்தெடுத்த பிடிபி-11 கணினியில் அது 16 பிட்தான். பிறகு வந்த வாக்ஸ் கணினியில் 32. 1989இல் வந்த அன்சி தரம் இரண்டு வகைக்கும் இடம் விட்டது: இன்ட் குறைந்தது 32767 வரை கொள்ளவேணும். உறுதி அவ்வளவுதான். எங்கட மடிக்கணினி தாற 2147483647 வெறும் வழக்கம்.

ஆர்டுயினோ ஊனோ ஆர்3இல் இன்ட் இன்றைக்கும் 16 பிட். அதில் செக்கன்களை எண்ணினால் ஒன்பது மணித்தியாலம் ஆறு நிமிசத்தில் எல்லை வந்திடும். அதுக்கு மேல கூட்டினால் என்ன நடக்கும் எண்டு தரம் சொல்லாது. பெரிய எண் வேணுமெண்டால் ‘லோங்’ எடுப்பம்; 2147483647ஐத் தரம் உறுதியளிப்பது அதுக்குத்தான்.