கூடைப்பந்தும் இப்னு கல்தூனும்

ஓர் ஊரில் ஒரு கலை தழைத்து நிற்கிறது. பக்கத்து ஊரிலோ அது முளைப்பதே இல்லை. இதன் காரணம் யாது? வேலூரிலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் அமைந்த கணியம்பாடி வட்டாரத்தாருக்கு இக்கேள்வி புதியதன்று. இவ்வட்டாரத்துக் கம்மவான்பேட்டையில் தலைமுறை தலைமுறையாக ஆடவர் படையில் சேர்கின்றனர். மக்கள் அவ்வூரை இராணுவப்பேட்டை என்றே வழங்குகின்றனர். வேலூர் மாநகரின் பகுதியான சத்துவாச்சாரியோ பளுதூக்குவோருக்குப் பெயர் பெற்றது. அங்குப் பிறந்த சதீஷ் சிவலிங்கம் 2014இல் கிளாஸ்கோவிலும் 2018இல் கோல்டு கோஸ்டிலும் நடந்த காமன்வெல்த் போட்டிகளில் தங்கப்பதக்கம் வென்றார். பாலாற்றுப் பகுதியில் உள்ள ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் ஆகிய ஊர்களின் பெயரைச் சொன்னாலே தோல் பதனிடும் தொழில்தான் நினைவுக்கு வரும்.

காரணம் கேட்டால் நம்மவர் சொல்லும் விடை ஒன்றே: "அது அவர்கள் இரத்தத்திலேயே ஊறியது." கேட்பதற்கு இது புகழ்மொழி போலத் தோன்றும். ஆனால் இதனுள் ஒரு தீர்ப்பு மறைந்திருக்கிறது. அவர்கள் இரத்தத்தில் ஊறியது எனின், நம் பிள்ளைகளின் இரத்தத்தில் அது இல்லை என்பதே பொருள். பல தந்தையர் தம் மக்களின் எதிர்காலத்தை இந்த ஒரு சொல்லாலேயே அடைத்துவிடுகின்றனர். எனவே இவ்விடை மெய்தானா என்று சோதித்துப் பார்ப்பது கடமையாகிறது.

போர்த்தொழில், நெசவு போன்ற கலைகளின் தொடக்கம் காலத்தின் இருளில் மறைந்துவிட்டது. அவற்றைக் கொண்டு இதனைச் சோதிப்பது அரிது. பிறந்த நாளும் இடமும் ஐயமின்றித் தெரிந்த கலை ஒன்று வேண்டும். கூடைப்பந்து அத்தகையது. 1891ஆம் ஆண்டு டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், கிறித்தவ வாலிபர் சங்கமாகிய ஒய்.எம்.சி.ஏ.வின் பயிற்சிப் பள்ளியில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் பழம் வைக்கும் கூடைகள் இரண்டை உயரத்தில் அடித்து இவ்வாட்டத்தை உண்டாக்கினார். அதற்கு முன்னர் உலகில் எவருடைய இரத்தத்திலும் கூடைப்பந்து ஊறியிருக்க இயலாது. ஆயினும் இன்று சில நாடுகளும் சில நகரங்களும் இதன் தாயகங்களாக விளங்குகின்றன. மற்றவை வெறுமனே நிற்கின்றன. இது எவ்வாறு நிகழ்ந்தது?

உயரமே காரணம் என்பர் சிலர். உயரம் துணைசெய்யும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் உயரம் மட்டும் போதுமா? முன்பு சூடானின் தென்பகுதியாக இருந்த நிலத்தில் வாழும் திங்கா மக்கள் உலகின் மிக உயர்ந்த மனிதருள் எண்ணப்படுபவர். அவர்களுள் ஒருவரான மனூட் போல் 7 அடி 7 அங்குல உயரம் உடையவர். அவர் முதலில் ஆடியது கால்பந்து. கூடைப்பந்தைத் தொட்டதோ இளைஞரான பின்னரே. 1985இல் அவர் அமெரிக்கத் தொழில்முறைச் சங்கமாகிய என்.பி.ஏ.வில் ஆடத் தொடங்கினார். அவருடைய முன்னோரும் நெட்டையரே. அவர்களுக்கு வளையம் கட்டிய கம்பம் ஒன்று வாய்க்கவில்லை. 2011இல் தென் சூடான் தனிநாடாயிற்று. என்.பி.ஏ.வில் ஆடிப் புகழ்பெற்ற லுவோல் டெங் பின்னர் அந்நாட்டின் கூடைப்பந்துக் கூட்டமைப்புக்குத் தலைமை ஏற்று, தம் பொருளையும் உழைப்பையும் அளித்தார். அதன் பயனாக அந்நாடு 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆடி, போர்ட்டோ ரிக்கோ அணியை வென்றது. உயரம் நூற்றாண்டுகளாக அங்கு இருந்தது. வெற்றியோ ஏற்பாடு வந்த பின்னரே வந்தது.

மறுபுறம் பாருங்கள். சராசரி உயரத்தில் உலகில் முன்னிற்பவர் நெதர்லாந்து மக்கள். அவர்களுக்கு உயிர் கால்பந்தே. பிலிப்பைன்ஸ் மக்களோ குட்டையானவர்கள். ஆனால் அமெரிக்க ஆட்சிக் காலத்தில் பள்ளிகள் வழியாகவும் ஒய்.எம்.சி.ஏ. வழியாகவும் அங்குப் புகுந்த கூடைப்பந்து தெருவுக்குத் தெரு வேர்விட்டது. 1954இல் நடந்த உலகப் போட்டியில் அந்நாடு மூன்றாமிடம் பெற்றது. 1975இல் ஆசியாவின் முதல் தொழில்முறைக் கூடைப்பந்துச் சங்கம் தோன்றியதும் அங்கேதான்.

குருதிக் கொள்கையை அறவே வீழ்த்தும் சான்று அமெரிக்க நகரங்களில் கிடைக்கிறது. இன்று கூடைப்பந்து என்றவுடன் கறுப்பின மக்களை நினைக்கிறோம்; அது அவர்களின் பிறவிக் கொடை என்பாரும் உளர். ஆனால் 1920களிலும் 1930களிலும் நியூயார்க்கிலும் பிலடெல்பியாவிலும் இவ்வாட்டத்தில் ஓங்கியிருந்தவர் யூதக் குடியேறிகளின் பிள்ளைகளே. என்.பி.ஏ.வாக வளர்ந்த சங்கத்தின் முதல் ஆட்டம் 1946இல் நடைபெற்றபோது, முதல் கூடையை இட்ட ஆசி ஷெக்ட்மன் ஒரு யூதர். அக்காலத்துப் பத்திரிகையாளர் சிலர், இந்த ஆட்டம் யூத இனத்தின் இயல்பான தந்திரத்துக்குப் பொருந்துவது என்று எழுதித் தீர்த்தனர். பின்னர் என்ன நேர்ந்தது? யூதக் குடும்பங்கள் பொருள் சேர்த்து நெரிசல் மிகுந்த தெருக்களை விட்டு நீங்கின. தென் மாநிலங்களிலிருந்து வந்த கறுப்பின மக்கள் நகரங்களின் அத்தகைய நெரிசலான பகுதிகளில் குடியமர்ந்தனர். 1950இல் முதன்முதலாக என்.பி.ஏ.வின் கதவு அவர்களுக்குத் திறந்தது. நியூயார்க்கில் 1947இல் பிறந்து, இஸ்லாத்தைத் தழுவி, 1971இல் கரீம் அப்துல் ஜப்பார் என்ற பெயரை வெளிப்படையாக ஏற்ற மாவீரர் அத்தலைமுறையின் செல்வரே. குருதி மாறிற்று, ஆனால் நெருக்கமான தெரு, ஒரு பந்து, ஒரு வளையம், பிழைக்க வேறு வழி குறைந்த இளமை ஆகியவை மாறவில்லை. "இயல்பான திறமை" என்ற புகழ்மொழி மட்டும் குடியிருந்தவரோடு சேர்ந்து வீடு மாறிக்கொண்டது!

இவ்வுண்மையை நம் முன்னோர் ஒருவர் ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்னரே ஆய்ந்து வைத்துள்ளார். துனிஸ் நகரில் 1332இல் பிறந்த இப்னு கல்தூன் அவர்கள் 1377இல் எழுதிய முகத்திமா என்னும் பெருநூலின் ஐந்தாம் பகுதி பிழைப்பையும் தொழில்களையும் பற்றியது. தொழில் என்பது 'மலகா'; அதாவது, திரும்பத் திரும்பச் செய்வதால் உள்ளத்தில் உறைந்து நிற்கும் தேர்ச்சி என்பது அவர் கொள்கை. அதற்கு மூன்றினை அவர் இன்றியமையாதனவாகக் காட்டுகிறார். முதலாவது, கற்பிக்கும் ஆசிரியர். இரண்டாவது, நெடுங்காலம் நிலைத்த நகர வாழ்வு. மூன்றாவது, அத்தொழிலைக் கேட்டு விலைகொடுப்போர். இம்மூன்றும் நீண்டநாள் கூடியிருந்தால், துணியில் சாயம் பிடிப்பதுபோல் ஊரில் தொழில் பிடித்துக்கொள்ளும். தட்பவெப்பம் மனிதரின் இயல்பை மாற்றும் என்று கருதியவர்தாம் அவரும். எனினும் ஹாம் அவர்களுக்கு நேர்ந்த சாபத்தால்தான் அவர்தம் சந்ததியார் கறுத்தனர் என்ற வம்சாவளிக் கதையை அவர் ஏற்கவில்லை. அறியாமை என மறுத்தார்.

இம்மூன்று அளவுகோல்களையும் கூடைப்பந்தின் மீது வைத்துப் பார்ப்போம். முதலில் ஆசிரியர். பால்டிக் கடலோர நாடான லித்துவேனியாவின் மக்கள்தொகை இன்று முப்பது இலட்சத்துக்கும் குறைவு. 1930களில் அமெரிக்காவில் பிறந்த லித்துவேனியர் சிலர் தாயகம் சென்று ஆடினர், கற்பித்தனர். அவர்களுள் ஒருவரான ஃபிராங்க் லூபின், 1936 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்க அணியில் ஆடியவர். 1937இலும் 1939இலும் லித்துவேனியா ஐரோப்பியப் பட்டம் வென்றது. கவுனாஸ் நகரில் போட்டிக்கென்றே அரங்கம் எழுந்தது. பின்னர் சோவியத் ஆட்சி வந்தது, நாடு போயிற்று, சாயம் போகவில்லை. 1988 சியோல் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற சோவியத் அணியின் தூண்களாக நின்ற நால்வர் லித்துவேனியரே. விடுதலைக்குப் பின் 1992இல் தம் சொந்தக் கொடியின் கீழ் ஆடி வெண்கலம் பெற்றனர்.

நம் தமிழகத்தின் வரலாறும் இவ்வாறே. ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் சென்னைக்கு வந்து, 1920இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். அதுவே இன்று நந்தனத்தில் உள்ள கல்லூரி. அங்குப் பயின்றவர்கள் தென்னாட்டுப் பள்ளிகளில் 'டிரில் வாத்தியார்' ஆயினர். அவர்கள் சென்ற இடமெல்லாம் விசிலும் பந்தும் சென்றன. நெய்ஸ்மித் கற்பித்த பள்ளியிலிருந்து நம்மூர் மைதானம் வரை ஓர் அறுபடாத ஆசிரியர் சங்கிலியைக் காணலாம். ஹதீஸ் கலையில் இதனை 'இஸ்னாத்' என்போம். ஆட்டக்கலைக்கும் இஸ்னாத் உண்டு.

அடுத்து, விலைகொடுப்போர். நம் நாட்டில் ஆட்டக்காரனுக்குச் சோறு போட்டவை இரயில்வே, ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி போன்ற நிறுவனங்களே. ஆடத் தெரிந்தால் வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கை இருந்ததால்தான், எளிய குடும்பத்துத் தாய் தன் மகன் மாலையில் மைதானம் செல்வதைத் தடுக்கவில்லை. சென்னையின் அனிதா பால்துரை இந்திய மகளிர் அணிக்குத் தலைமை ஏற்று, 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். பஞ்சாபின் பல்லோ கே சிற்றூரில் பிறந்த சத்னாம் சிங் லூதியானாப் பயிற்சிக்கூடத்தில் வளர்ந்து, 2015இல் என்.பி.ஏ. அணியொன்றால் தெரிவு செய்யப்பட்ட முதல் இந்தியரானார். சிற்றூர் உடலைத் தந்தது. பயிற்சிக்கூடமே ஆட்டக்காரனைத் தந்தது.

இதற்குச் சான்று தேட நாம் கடல் கடக்க வேண்டியதும் இல்லை. தென்னகத்திலும் கேரளத்திலும் இலங்கையிலும் 'பாகவி' என்ற பட்டத்தோடு விளங்கும் ஆலிம்கள் எத்தனை பேர்! வேலூர் மண்ணில் ஃபிக்ஹு விளைகிறது என்று எவரேனும் சொல்வரா? ஷாஹ் அப்துல் வஹ்ஹாப் ஹஸ்ரத் அவர்கள் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தை நிறுவினார்கள். ஆசிரியர் வரிசை அறுபடவில்லை. பட்டம் பெற்றவரைப் பள்ளிவாசல்களும் மதரஸாக்களும் வரவேற்றன. ஆகவே வேலூர் ஆலிம்களின் ஊராயிற்று.

தோல் தொழிலும் அவ்வாறே வந்தது. ஆவாரம்பட்டை, கடுக்காய், பாலாற்று நீர், சென்னைத் துறைமுகம், பொருள் முடக்கத் துணிந்த வணிகர், கைத்தேர்ச்சி மிக்க தொழிலாளர் ஆகிய அனைத்தும் கூடின, தொழில் நிலைத்தது. ஆனால் வேரூன்றியதை அசைக்கவும் கூடும். பாலாறு மாசுற்றது குறித்து 1996இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, சுத்திகரிப்புக்கு வழியில்லாத பதனிடும் சாலைகள் தடுமாறின. 'தோல்தான் நமக்கு' என்று இருந்த இல்லங்கள் பல அன்று திகைத்தன. இரத்தத்தில் ஊறியது என்று எண்ணியது, உண்மையில் ஆற்று நீரையும் சந்தையையும் நம்பி நின்றது என்பது அப்போதே புலனாயிற்று.

ஆகவே நம் சமுதாயத்தின் செல்வர்களும் கல்வி அறக்கட்டளையினரும் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். ஆண்டுவிழாவில் ஒரு கோப்பையும் பொன்னாடையும் அளிப்பதால் எக்கலையும் வேரூன்றாது. கூடைப்பந்தாயினும், கணிதமாயினும், கையெழுத்துக் கலையாயினும் வேண்டியவை மூன்றே: ஊதியம் பெற்று ஒரே இடத்தில் நிலைத்திருக்கும் ஆசிரியர், இருபது ஆண்டுகளேனும் மூடப்படாத களம், கற்றவனுக்குக் காத்திருக்கும் பிழைப்பு. நைஜீரியாவின் லாகோஸில் பிறந்த ஹகீம் ஒலாஜுவான், 1995இல் ரமழான் நோன்பு நோற்றவாறே ஆடி, அந்தப் பிப்ரவரியின் சிறந்த வீரராகத் தெரிவானார். மார்க்கம் அவருக்குத் தடையாகவில்லை. தலைமறைத்து ஆடும் பெண்களுக்கு இருந்த தடையையும் உலகக் கூடைப்பந்துச் சங்கம் 2017இல் நீக்கிவிட்டது. நம் பெண்மக்களுக்கு இனி இல்லாதது களமே.

அல்லாஹ் தன் கொடைகளை எந்த ஊருக்கும் பட்டா எழுதிக் கொடுக்கவில்லை. கணியம்பாடியில் பிறக்கும் குழந்தைக்கும் கவுனாஸில் பிறக்கும் குழந்தைக்கும் அவன் கையும் காலும் கருத்தும் அளித்தே அனுப்புகிறான். அக்குழந்தை வருமுன் ஊரில் ஓர் ஆசிரியரை அமர்த்தி வைப்பது ஊராரின் பொறுப்பு.