பழகுநர்

சேரப்பணஞ்சேரியைச் சுற்றி, ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளுக்குப் போகும் ஐடிஐ பிள்ளைகளுக்கு ‘அப்ரண்டிஸ்’, ‘ட்ரெய்னி’ என்று இரண்டு பெயர்கள். பேச்சில் இரண்டும் ஒன்றுதான், வேர் வேறு. முன்னது ‘பற்றிப் பிடி’ என்னும் லத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழி வந்தது, பற்றுபவர், கற்பவர். பின்னதன் மூலம் ‘இழு’. ரயிலைக் குறிக்கும் ‘ட்ரெய்ன்’ அதன் உடன்பிறப்பு, ட்ரெய்னியை இழுப்பவர் வேறொருவர். 1961ஆம் ஆண்டுச் சட்டம் அப்ரண்டிஸைப் பயிற்சி பெறுபவர், தொழிலாளர் அல்லர் என்றது. கல்வியைச் சுட்டிய சொல் உரிமைக்கு வேலி கட்டும் சொல்லாயிற்று. அப்ரண்டிஸுக்கு அரசு வழங்கும் தமிழ்ச் சொல் ‘தொழிற்பழகுநர்’. பழமை, பழக்கம் இரண்டுக்கும் உறவான ‘பழகு’ விரிந்த சொல்: மாடு ஏருக்குப் பழகும், கை உளிக்குப் பழகும், மனிதர் மனிதரோடு பழகுவர். கல்வியும் நேயமும் ஒரே வினைக்குள் இருக்கின்றன. பழகியது பழையதாகும் என்பதால், பழகுநிலைக்கு முடிவும் உண்டு. உதவித்தொகையும் பாதுகாப்பும் சட்டத்திலேயே இருக்கின்றனவே, பெயரில் என்ன என்று கேட்கலாம். உண்மைதான், ஆனால் கற்பவர் என்ற பெயரே தொழிலாளர் சட்டங்களிலிருந்து ஒருவரை விலக்கும் காரணமாக நிற்கும்போது, பெயர் வெறும் ஒலியல்ல. ‘தொழிற்பழகுநர்’ நாவில் புரளாத நீளம் என்பது சின்னக் குறை, ‘பழகுநர்’ போதும். கற்றுத்தர ஆளும் கற்கத் தொழிலும் இருக்கும் இடத்தில் அப்படி அழைக்கலாம். நிரந்தர ஊழியர் செய்யும் அதே வேலையை ஆண்டுக்கணக்கில் செய்பவருக்குச் சரியான சொல், தொழிலாளி.