பிரம்புக்குப் பதில் ஒரு கேள்வி

ஆய்வுக்கூடத்தில் கால்வனாமீட்டரின் முள் அசையாவிட்டால் நாம் கருவியை அடிப்பதில்லை. இணைப்பு எங்கே விட்டுப்போயிற்று, மின்கலம் தீர்ந்துவிட்டதா என்று தேடுகிறோம். ஆனால் வகுப்பில் ஒரு மாணவன் பின்தங்கினாலோ முரண்டு பிடித்தாலோ, 'சோம்பேறி', 'முரடன்' என்று பெயர் சூட்டிப் பிரம்பை எடுத்துவிடுகிறோம். இது நியாயந்தானா? மாணவனின் குறைக்கும் காரணம் தேடவேண்டும் என்னும் எண்ணம் பள்ளிக்குள் நுழைந்த கதையைப் பார்ப்போம்.

1896ஆம் ஆண்டு மார்ச் மாதம். அமெரிக்காவில் பிலடெல்பியா நகரப் பள்ளி ஆசிரியை மார்கரெட் மகுவயர், பென்சில்வேனியா பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர் லைட்னர் விட்மரிடம் ஒரு சிக்கலைக் கொண்டு வந்தார். அவருடைய மாணவனான 14 வயதுச் சிறுவனுக்குச் சொற்களை எழுத்துப் பிழையின்றி எழுத வரவில்லை. உளவியல் பயனுள்ள அறிவியல் என்றால் இச்சிறுவனுக்கு உதவ வேண்டுமல்லவா என்பது ஆசிரியையின் எதிர்பார்ப்பு. விட்மரும் அதை ஏற்றார். சிறுவனைச் சோதித்தபோது கண்பார்வையிலும் கோளாறு இருப்பது தெரிந்தது. அவனுக்கு மூக்குக் கண்ணாடி கிடைத்தது. தனிப் பயிற்சியும் தொடங்கியது. உலகின் முதல் உளவியல் மருத்துவ நிலையம் இவ்வாறு பிறந்தது.

ஆனால் எல்லாக் கோளாறும் மாணவனின் உடலுக்குள் இருப்பதில்லை. 1906-07ஆம் ஆண்டுகளில் நியூயார்க், பாஸ்டன், ஹார்ட்போர்ட் நகரங்களில் மாணவர்களின் வீடுகளுக்கே சென்று விசாரிக்கும் ஆசிரியர்கள் பணியாற்றத் தொடங்கினர். வறுமை, நோய், குடும்பச் சிக்கல் ஆகியவை வகுப்பறையை எப்படித் தாக்குகின்றன என்பதை அவர்கள் நேரில் கண்டனர்.

1913இல் இலண்டன் மாவட்ட மன்றம் சிரில் பர்ட் என்பவரைப் பள்ளி உளவியலாளராக நியமித்தது. இளங் குற்றவாளிகளைப் பற்றி 1925இல் அவர் எழுதிய நூல், குற்றச் செயல் ஒரே காரணத்தால் விளைவதன்று, பல காரணங்கள் கூடியே விளைகிறது என்று காட்டியது.

1979இல் நியூயார்க் மாநிலத்தின் வெஸ்ட்செஸ்டர் பகுதியில் இன்னொரு முயற்சி தொடங்கியது. குடிப்பழக்கத்துக்கு ஆளான தொழிலாளரை வேலையை விட்டு நீக்காமல் உதவி செய்து மீட்கும் திட்டங்கள் தொழில் நிறுவனங்களில் முன்பே இருந்தன. அதே முறையைப் பள்ளிக்குக் கொண்டு வந்து, மது, போதைப்பொருள் சிக்கலில் அகப்பட்ட மாணவர்களுக்குப் பள்ளியிலேயே ஆலோசகர்களை அமர்த்தினர்.

இந்த வரலாறு முழுவதிலும் மாறியது ஒரு கேள்விதான். 'இவனுக்கு என்ன தண்டனை?' என்பது 'இவனுக்கு என்ன நேர்ந்தது?' என்று மாறியது. பிலடெல்பியாவில் அதை முதலில் கேட்டவர் பேராசிரியர் அல்லர். நாள்தோறும் அச்சிறுவனைப் பார்த்துவந்த வகுப்பாசிரியை. அந்தக் கேள்வியைக் கேட்கப் பெரிய கருவிகள் தேவையில்லை. எந்த ஊர்ப் பள்ளியிலும், எந்த ஆசிரியரும் நாளைக் காலையிலேயே கேட்கலாம்.