கியூபர்ட், ஜோ (1926–2012)

அமெரிக்க காமிக்ஸ் ஓவியர். அன்று போலந்தில் இருந்த, இன்று உக்ரைனில் அடங்கும் சிற்றூர் ஒன்றில், யூதக் குடும்பத்தில் 1926 செப்டம்பர் 18 அன்று பிறந்தார். அமெரிக்கா செல்லப் பெற்றோர் முன்னரே விண்ணப்பித்திருந்தனர். தாய் கருவுற்றிருந்ததால் அனுமதி கிடைக்கவில்லை. மகன் பிறந்த சில மாதங்களில் கடல் கடந்து நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் குடியேறினர். தந்தை யூத சமய முறைப்படி இறைச்சி விற்றவர். அந்தப் பயணம் நிகழாமல் போயிருந்தால் தாம் என்னவாகியிருப்போம் என்ற கேள்வியே, நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த வார்சா கெட்டோவைக் களமாகக் கொண்ட 'யோசல்' (2003) நூலாயிற்று. மை தீட்டாத பென்சில் கோடுகளாகவே அச்சான அந்நூலை அவருடைய மிகச் சிறந்த படைப்பு எனலாம்.

பள்ளி நாளிலேயே, நண்பர் நார்மன் மாரருடன் வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டுப் பதிப்பகங்களில் வாய்ப்புத் தேடி அலைந்தார். 'கேட்மேன் காமிக்ஸ்' இதழில் 1942இல் முதல் ஓவியம் வெளிவந்தபோது வயது பதினைந்து. அடுத்து டிசி நிறுவனத்தில் 'ஹாக்மேன்' கதைகளை வரைந்தார். 1950இல் ராணுவத்துக்கு அழைக்கப்பட்டார். 1953இல் மாரருடன் சேர்ந்து, சிவப்பு-நீலக் கண்ணாடி அணிந்து பார்க்கும் முப்பரிமாண காமிக்ஸை உருவாக்கினார். ராபர்ட் கனிகர் எழுத, 1959 முதல் வரைந்த 'சார்ஜென்ட் ராக்' போர்க்கதைத் தொடர் அவருக்குப் பெரும்புகழ் தந்தது. பின்னர் பதிப்பாசிரியரானதும், அந்தப் போர்க்கதைகளின் முடிவில் இனிப் போர் வேண்டாம் என்ற வாசகத்தைச் சேர்த்தார். 1976இல் மனைவி மியூரியலுடன் நியூஜெர்சியின் டோவர் நகரில் காமிக்ஸ் ஓவியப் பள்ளி தொடங்கினார். மகன்கள் ஆடம், ஆண்டி இருவரும் அங்கே பயின்று இத்துறைக்கே வந்தனர்.