விறகுத் தீவு

ஒலக்கூரில் நின்று கிழக்கே பார்த்தால் கடல் தெரியாது; பனைமரமும் வயலும்தான் தெரியும். ஆனாலும் என் சிறு வயதில் எங்கள் வீட்டுத் திண்ணையில் கடல் பேச்சுக்குக் குறைவு இருந்ததில்லை. என் பாட்டனார் இளமையில் மரக்காணத்து உப்புப் படகில் வேலை பார்த்தவர். பக்கிங்ஹாம் கால்வாயின் கரையில் நடந்து, கயிறு கட்டிப் படகை இழுத்துக்கொண்டே பட்டணம் வரை போய் வந்தவர்.

"தெற்கேயிருந்து நாங்க உப்பு கொண்டு போவோம், வடக்கேயிருந்து விறகுப் படகு வரும். இந்த ரெண்டும் இல்லேன்னா பட்டணத்திலே சோறு ஏதுடா?" என்பார்.

அந்த விறகு எந்தக் காட்டில் வெட்டியது என்று அன்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. பிற்பாடு, பழைய ராஜதானியின் வரலாற்றைப் படிக்கும்போதுதான் தெரிந்தது. அந்தக் காடுகளில் ஒன்று ஸ்ரீஹரிகோட்டா.

ராக்கெட் பறக்கும் ஊர் என்றுதான் அதை நாம் அறிவோம். சென்னைக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டரில், மேற்கே பழவேற்காடு ஏரியும் கிழக்கே வங்கக் கடலுமாக, நடுவில் வடக்குத் தெற்காய் நீண்டு கிடக்கும் மணல் தீவு அது. மலையில்லை, பாறையில்லை. ஆனால் அந்த மணலுக்கடியில் நல்ல தண்ணீர் உண்டு. அதனால் பாலையும் நாவலும் காயாவும் நெருங்கி வளர்ந்தன. பள்ளங்களில் பிரம்பு புதராய் மண்டியது. கோடையிலும் இலை உதிராத கடற்கரைக் காடு அது. ஒரு காலத்தில் சோழமண்டலக் கரையில் பரவியிருந்த இந்த வகைக் காடு, இன்று எங்கள் பக்கத்தில் ஐயனார் கோயில் தோப்புகளில்தான் துண்டு துண்டாய் மிஞ்சியிருக்கிறது.

அந்தக் காட்டின் குடிகள் யானாதிகள். தேன் எடுப்பார்கள், கிழங்கு அகழ்வார்கள், சாயவேர் தோண்டுவார்கள். சோழமண்டலத் துணிகளுக்குச் சிவப்பேற்றிய வேர் அது. 1613-ல் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியதே இந்தத் துணி வியாபாரத்துக்காகத்தான். சீமைச் சீமாட்டியின் பாவாடைச் சிவப்புக்குப் பின்னால் மணலைக் கிளறிய ஒரு யானாதிப் பெண்ணின் விரல்கள் இருந்திருக்கலாம். அவளை யார் நினைத்தார்கள்?

1835-ல் தீவு கம்பெனி சர்க்காரின் கைக்கு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டிய கால்வாய் மெல்ல மெல்ல நீண்டது. 1877-78-ல், பெரும் பஞ்சத்தில் கஞ்சிக்கு வழியில்லாத ஏழைகள் கூலிக்கு மண் வெட்டி, கூவத்தையும் அடையாற்றையும் இணைத்தார்கள். வடக்குக் கால்வாயும் தெற்குக் கால்வாயும் ஒன்றாயின. அப்போதைய கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் அதற்கு நிலைத்தது. மண் சுமந்தவர்களின் பெயர் எங்கும் இல்லை. அந்த நீர்வழியில் தீவின் மரங்கள் விறகாகி நகரத்துக்கு மிதந்து வந்தன. இயற்கைக் காட்டை வெட்டியது போதாதென்று சவுக்கும் நட்டார்கள்.

அப்படியானால் காடு எப்படிப் பிழைத்தது? 1969-ல் ராக்கெட் தளத்துக்காக இத்தீவைத் தேர்ந்தெடுத்தார்கள். கிழக்கே திறந்த கடல். பூமி சுழலும் திசையிலேயே ஏவலாம். தவறி விழுந்தாலும் ஊர் மேல் விழாது. 1971 அக்டோபர் 9-ந் தேதி முதல் சிறு ராக்கெட் கிளம்பியது. தீவுக்குக் காவல் வந்தது. கோடரி நின்றது. தளத்துக்கு வேண்டிய இடம் போக, மற்ற இடங்களில் காடு மூச்சு விட்டது. கிராமத்தார் விட்டுச்சென்ற மாடுகள் கூட யாருக்கும் சொந்தமில்லாத காட்டு மந்தையாகிவிட்டன.

ஜெர்மனியின் வடகரையில், பால்டிக் கடலில், வில்ம் என்றொரு குட்டித் தீவு இருக்கிறது. ஒரு சதுர கிலோமீட்டர் கூட இல்லை. 1527-க்குப் பிறகு அங்கே பெரிய அளவில் மரம் வெட்டவில்லை என்பார்கள். 1936-ல் அதைப் பாதுகாக்கப்பட்ட இடமாக்கினார்கள். 1959-ல் கிழக்கு ஜெர்மனியின் மந்திரிகள் ஓய்வெடுக்கப் பொது ஜனங்களை வெளியே நிறுத்தினார்கள். ஓக் மரங்களும் பீச் மரங்களும் அந்தத் தடையின் நிழலில் நிம்மதியாகக் கிழமாயின. மனிதனை விரட்டினால்தான் மரம் பிழைக்குமோ என்று அதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது.

ஆனால் ஸ்ரீஹரிகோட்டாவில் அந்தக் கணக்கு நேராக வரவில்லை. தடையால் அங்கே வெளியே போனது கோடரி மட்டுமல்ல. பல யானாதிக் குடும்பங்களும் ஏரிக்கு அக்கரையில் குடியமர்த்தப்பட்டன. காட்டை எரித்தவர்கள் பட்டணத்தில் இருந்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. காட்டின் ஒவ்வொரு வேரையும் அறிந்தவர்களுக்குத்தான் இடம் பெயர்ந்தது. காவல் தேவைதான், மறுக்கவில்லை. அதன் விலையை யார் கொடுத்தார்கள் என்பதையும் சரித்திரம் எழுதி வைக்க வேண்டும்.

ஒரு தடவை ராக்கெட் பார்க்கப் பழவேற்காட்டுக்குப் போயிருந்தேன். நெருப்பு எழுந்ததும் எல்லோரும் அண்ணாந்து கை தட்டினார்கள், நானும் தட்டினேன். புகை கலைந்ததும், நீருக்கு அப்பால் தீவின் மரங்கள் கருநீலக் கோடாய்த் தெரிந்தன. பாட்டனார் பக்கத்தில் இருந்திருந்தால் ராக்கெட்டைப் பார்த்திருக்க மாட்டார். அந்தக் கோட்டைக் கண்ணால் அளந்து, எத்தனை படகு விறகு என்று கணக்குப் போட்டிருப்பார்.